டீசல் தீந்தா நான் எதுக்கு ஓடணும்? ‘ரன் அவுட் ஆஃப்’ குழப்பம், விவரம் தெரிஞ்சவங்க வாங்க

கூழ்_டிஸ்பாட்ச் · காலை 9:12

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு மாங்கூழ் ஃபேக்டரில டிஸ்பாட்ச்ல இருக்கேன். சேந்து ஏழு மாசம் ஆவுது. படிச்சதெல்லாம் தமிழ் மீடியம், அப்புறம் பிகாம். வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிக்கிறது என் தலையில விழுந்திருக்கு.

போன வாரம் நடந்த கூத்து இது. பெங்களூரா கூழ், பையருங்க தோத்தாபுரின்னு சொல்லுவாங்க, இந்த சீசன் ஸ்டாக் சுத்தமா முடிஞ்சுபோச்சு. ஒரு டிரம்கூட இல்ல. அதைச் சொல்ல நான் அடிச்ச வரி: "அவர் தோத்தாபுரி ஸ்டாக் ஈஸ் ரன்னிங் அவுட்."

பதில் வந்துச்சு. முன்கூட்டியே சொன்னதுக்கு நன்றி, மிச்சம் இருக்கிறதுல ரெண்டு கண்டெய்னர் எங்களுக்கு எடுத்து வைங்கன்னு. இருபதடி கண்டெய்னருக்கு 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ. ரெண்டு கண்டெய்னர்னா 160 டிரம். எங்க குடோன்ல அன்னிக்கு இருந்தது அடுத்த சீசனுக்கு வாங்கி அடுக்கி வெச்ச வெறும் டிரம்மு மட்டும்தான்.

பதறிப்போய் ரெண்டாவது மெயில் அடிச்சேன்: "சாரி சார், ஸ்டாக் வாஸ் ரன் அவுட்." அந்தாளு குழம்பிட்டாரு. புரியலை, இன்னொரு தடவை விளக்கிச் சொல்ல முடியுமான்னு கேட்டாரு. அப்புறம் மேனேஜர் உக்காந்து, "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் தோத்தாபுரி"ன்னு மாத்தி அனுப்பினாரு. ஏன் சார்னு கேட்டேன். "அது அப்படித்தான்"னுட்டு போயிட்டாரு.

என் சந்தேகம் சின்னதுதான். தீந்தது கூழு. அப்புறம் ‘வீ’ எதுக்கு ரன் ஆவணும்?

ஆஃப்_ஸ்பின் · காலை 9:20

ரன் அவுட் தெரியாதா? ஸ்டம்ப்ல பந்து பட்டுச்சு, ஆளு க்ரீஸுக்கு வெளியே. முடிஞ்சுது கதை.

கூழ்_டிஸ்பாட்ச் · காலை 9:23

தம்பி, நான் சீரியஸா கேக்கறேன்.

பத்துசக்கரம் · காலை 10:05

அந்தத் தம்பி சொன்னதுலதான் நானும் ஒருதரம் வழுக்கி விழுந்தேன், கேளு தங்கச்சி.

கிரானைட் ஸ்லாப் லோடு, கிருஷ்ணகிரில இருந்து மும்பைக்கு. சாத்தாரா தாண்டினதும் ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி துக்கு துக்குன்னு இழுத்து நின்னுபோச்சு. மீட்டர் முள்ளு கால் டேங்க்னு காட்டுது, ஆனா டேங்க் மூடியத் தொறந்து குச்சி விட்டுப் பாத்தா நுனியிலகூட ஈரம் இல்ல. ஹைவே ஹெல்ப்லைன் 1033க்கு போன் போட்டேன். ஒரு பொண்ணு ஹிந்தில கேக்குது, எனக்கு ஹிந்தி "கித்னா கிலோமீட்டர்" வரைக்கும்தான் வரும். அப்புறம் இங்கிலீஷுக்கு மாத்தி, "ஹேவ் யூ ரன் அவுட் ஆஃப் டீசல், சார்?"னுச்சு.

நான் சொன்னேன், "நோ மேடம். நோ ரன். நோ அவுட். லாரி ஸ்டாண்டிங்."

அந்தப் பொண்ணு சிரிக்காம இருந்ததுதான் பெரிய விஷயம். "டீசல் ஃபினிஷ்?"னுச்சு. "எஸ் எஸ், டீசல் ஃபினிஷ்"னேன். வண்டி வந்து டீசல் ஊத்துனாங்க. ஊத்தினா மட்டும் கிளம்பிடுமா? லைன்ல காத்து புகுந்துக்கும். ஃபில்டர் பக்கத்துல இருக்கிற போல்ட்ட லூஸ் பண்ணி, கைப் பம்பை அமுக்கிக்கினே இருக்கணும். மொதல்ல நுரைநுரையா வரும், அப்புறம் குமிழி நின்னு சுத்தமா டீசல் வரும். அது வர்ற வரைக்கும் முக்கா மணி நேரம். அந்த முக்கா மணி நேரமும் மனசுல ஒண்ணுதான் ஓடிக்கினு இருந்துச்சு: வண்டி நிக்குது, இவங்க ஏன் ரன்னுங்கறாங்க?

பழைய_சாக்பீஸ் · காலை 11:31

பாலக்கோட்டில் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று முப்பது வருடம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை; மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘ரன்’ என்றதும் கால் வைத்து ஓடுவதை நினைக்காதீர்கள். தமிழில் "வாய்க்காலில் தண்ணீர் ஓடுது" என்கிறோமே, தண்ணீருக்குக் காலா இருக்கிறது? அதே ஓட்டம்தான். குழாயைத் திறந்துவிட்டால் "தி வாட்டர் ஈஸ் ரன்னிங்", மூக்கு ஒழுகினால் "மை நோஸ் ஈஸ் ரன்னிங்". டேங்கில் இருப்பது ஓடி ஓடி வெளியே போய் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் "தி டீசல் ரேன் அவுட்". ஓடியது டீசல்தான், டிரைவர் இல்லை. இந்த அமைப்பில் ‘ஆஃப்’ கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்த ‘வீ’. தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "வண்டியில டீசல் தீந்துபோச்சு." "எங்களுக்கு அரிசி தீந்துபோச்சு." தீர்ந்த பொருள் எழுவாய். யாருக்குத் தீர்ந்ததோ அவர் ‘கு’ போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறார். ஆங்கிலத்துக்கு இப்படி ‘கு’ போட்டு ஆளை ஓரமாக நிறுத்துவது அவ்வளவாகப் பிடிக்காது. ஆளைப் பிடித்து முன்னால் இழுத்து எழுவாய் ஆக்கிவிடும். "எனக்குப் பசிக்குது" என்பது "ஐ ஆம் ஹங்க்ரி" ஆகவில்லையா? "எனக்குக் காய்ச்சல்" என்பது "ஐ ஹேவ் எ ஃபீவர்" ஆகவில்லையா? அதே வேலைதான் இங்கேயும். ‘எங்களுக்கு’ முன்னால் வந்து ‘வீ’ ஆனது. அரிசி பின்னால் தள்ளப்பட்டது. தள்ளப்பட்ட அரிசியைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும், அதுதான் ‘ஆஃப்’. "வீ ரேன் அவுட் ஆஃப் ரைஸ்." ‘வண்டியில’ முன்னால் வந்தால் "தி லாரி ரேன் அவுட் ஆஃப் டீசல்."

ஆகவே தமிழில் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல்லில் ‘கு’வோ ‘ல’வோ ஒட்டியிருக்கிறதோ அதை உருவி முன்னால் வையுங்கள், ‘ஆஃப்’ போடுங்கள். அப்படி யாருமே இல்லை, பொருள் மட்டும்தான் என்றால் ‘ஆஃப்’ வேண்டாம்.

கூழ்_டிஸ்பாட்ச் · காலை 11:44

சார்!! ‘எனக்குப் பசிக்குது’ன்னதும் புரிஞ்சுபோச்சு. இதை ஏன் சார் எங்க ஸ்கூல்ல சொல்லலை.

அப்ப என் மொத மெயில்ல ஸ்டாக்கைத்தானே எழுவாயா வெச்சேன்? ‘ஆஃப்’பும் போடலை. அது ஏன் தப்பாச்சு?

ஒசூர்_மும்மொழி · மதியம் 12:10

இலக்கணம் தப்பில்லை, அர்த்தம்தான் தப்பு. ‘ரன்னிங் அவுட்’னா தீந்துக்கிட்டு வருது, இன்னும் கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம். கேஸ் சிலிண்டர் அடுப்புல சிவப்பு ஜுவாலை வருது, இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம், அந்த நிலைமை. உங்க பையர் புத்திசாலி, உடனே மிச்சத்தைப் புடிச்சு வைக்கச் சொன்னாரு. அவர் மேல தப்பே இல்ல.

நான் ஒசூர்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருக்கேன். நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ‘ing’ சேத்துடறாங்க, அப்படிச் சொன்னா மரியாதையா இருக்குன்னு நெனப்பு. "போல்ட் ஈஸ் ரன்னிங் அவுட்"னு லைன்ல இருந்து போன் வரும். ஓடிப் போய்ப் பாத்தா தட்டு காலி. அரை மணி நேரமா லைன் நின்னுக்கிட்டு இருக்கும்.

இன்னொண்ணு. எங்க வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ். தெலுங்குல "பிய்யம் அயிப்போயிந்தி", கன்னடத்துல "அக்கி காலி ஆய்த்து", தமிழ்ல "அரிசி தீந்துபோச்சு". மூணுலயும் அரிசிதான் எழுவாய். மூணு பாஷை தெரிஞ்சும் நாலாவதுல வந்து இடிச்சுக்கிட்டேன். சார் சொன்ன ‘கு’ விஷயம் இன்னிக்குத்தான் உறைச்சுது.

ஆஃப்_ஸ்பின் · மதியம் 12:25

"ஸ்டாக் வாஸ் ரன் அவுட்" மட்டும் ஏன் தப்பு? கமெண்ட்ரில "ஹி வாஸ் ரன் அவுட்"னுதானே சொல்றாங்க. நான் கேட்டிருக்கேன்.

பழைய_சாக்பீஸ் · மதியம் 12:58

தம்பி, காலையில் விளையாட்டாகச் சொன்னாலும் இப்போது கேட்டது நல்ல கேள்வி. அந்தப் பெண் விழுந்த குழியே இதுதான் என்று நினைக்கிறேன்.

கிரிக்கெட்டில் 38ஆம் விதி ரன் அவுட். அங்கே ஒருவர் இன்னொருவரை ஆட்டமிழக்கச் செய்கிறார். ஃபீல்டர் செய்கிறார், பேட்ஸ்மேன் செய்யப்படுகிறார். அதனால் "ஹி வாஸ் ரன் அவுட்" என்று செயப்பாட்டு வினை வரும். சரக்கு தீர்வது அப்படியில்லை. அதை யாரும் ‘தீர்க்க’வில்லை, அது தானாகத் தீர்ந்தது. தமிழிலும் "கூழ் தீர்க்கப்பட்டது" என்று சொன்னால் சிரிப்பார்களே. ஆகவே ‘வாஸ்’ வரவே கூடாது. "ஸ்டாக் வாஸ் ரன் அவுட்" என்று படித்த பையருக்குத் தோத்தாபுரி க்ரீஸுக்கு வெளியே நிற்பதாகத் தோன்றியிருக்கும்.

இன்னொரு தொல்லை: ரன், ரேன், ரன். மூன்றாவது மறுபடி ரன். "வீ ஹேவ் ரேன் அவுட்" என்று எழுதாதீர்கள். வேட்டி கட்டிய அதிகாரிகளும் கோட் போட்ட அதிகாரிகளும் வித்தியாசமில்லாமல் செய்யும் பிழை.

ஒசூர்_மும்மொழி · மதியம் 1:15

போன்ல பேசறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். கிரிக்கெட்ல "எ ரன் அவுட்"னு பெயர்ச்சொல்லா வந்தா ‘ரன்’ல அழுத்தம், ஒரே சொல்லு மாதிரி. சரக்கு தீந்தா ‘அவுட்’ல அழுத்தம். "வீ ரன் அவுட்"னு ரெண்டையும் ஒரே மாதிரி தட்டையா சொன்னா எதிர்ல இருக்கிறவங்க ஒரு நொடி முழிப்பாங்க.

மூணாம்பந்தி · மதியம் 2:40

நான் தருமபுரில கேட்டரிங் பண்றேன். இப்பதான் பந்தி முடிஞ்சு உக்காந்தேன். பெங்களூர் பார்ட்டிங்க கல்யாணம் நிறைய வருது, அவங்க வீட்டுப் பசங்க இங்கிலீஷ்லயே கேக்குதுங்க. அதனால எனக்கும் சந்தேகம் உண்டு.

மூணாவது பந்தில சாம்பார் தீந்துபோச்சுன்னா "வீ ரேன் அவுட் ஆஃப் சாம்பார்". சரி. இலை தீந்துபோச்சுன்னா? இலை ஓடுற பொருள் இல்லியே, அதுக்கும் இதே வார்த்தையா? பாயசம் இருக்கு ஆனா புளிச்சுப்போச்சு, பரிமாற முடியாது. அதுக்கு? கரண்ட் போச்சு, கிரைண்டர் நின்னுபோச்சு. அதுக்கு?

அப்புறம் ஒண்ணு. எங்க பாட்டி அரிசி, உப்பு, மஞ்சள் இதெல்லாம் தீந்துபோச்சுன்னு சொல்லவே விடாது. "நிறைஞ்சு போச்சுன்னு சொல்லுடி"ங்கும். விளக்கை அணைன்னு சொல்லாம மலையேத்துன்னு சொல்றாப்பல. நான் இன்னும் பந்தில பசங்ககிட்ட "சோறு நிறைஞ்சு போச்சு, அடுத்த அண்டாவ எறக்கு"ன்னுதான் கத்துவேன். புதுசா வந்த பையன் ஒருத்தன் அண்டா நிறைய இருக்குன்னு நெனச்சு பேசாம நின்னுட்டான். தாய்மொழியிலயே இந்தக் கதைன்னா இங்கிலீஷ் எம்மாத்திரம்.

பழைய_சாக்பீஸ் · பிற்பகல் 3:20

பாட்டியின் வாய்க்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு கிடையாது அம்மா. இருந்தால் இந்தப் பெண்ணின் முதல் மெயிலும் சரியாகியிருக்கும்.

இலைக்கும் தாராளமாக வரும்: "வீ ரேன் அவுட் ஆஃப் லீவ்ஸ்." ஓடும் பொருளுக்கு மட்டுமில்லை, எடுத்து எடுத்துச் செலவழிக்கிற எதற்கும் பொருந்தும். நாற்காலி, சில்லறை, நேரம், பொறுமை, யோசனை, சாக்குப்போக்கு எல்லாமே. "ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேஷன்ஸ்" என்றால் என்னிடம் இருந்த பொறுமையெல்லாம் செலவாகிவிட்டது என்று பொருள். நான் எட்டாம் வகுப்பில் வாரம் ஒருமுறை சொன்ன வாக்கியம்.

புளித்த பாயசத்துக்கு வராது. அது செலவாகவில்லை, கெட்டது. திருட்டுப் போனதற்கும் வராது. கரண்டுக்கும் வராது, கரண்ட் சேர்த்து வைத்த பொருள் இல்லை, "தி பவர் வென்ட் அவுட்" என்று சொல்லுங்கள். ஆனால் செல்போன் சார்ஜ் சேர்த்து வைத்தது. "மை போன் ரேன் அவுட் ஆஃப் சார்ஜ்" சரி.

வறண்ட_போர் · பிற்பகல் 3:52

ஊத்தங்கரை பக்கம். எங்க போர் 850 அடி, சித்திரையோட நின்னுபோச்சு. "மை போர் ரேன் அவுட் ஆஃப் வாட்டர்" சரியா?

ஒசூர்_மும்மொழி · பிற்பகல் 4:01

புரியும். ஆனா போர், கிணறு, ஏரி, ஆறுன்னா "ரேன் ட்ரை"ன்னு சொல்றதுதான் வழக்கம். "தி போர்வெல் ரேன் ட்ரை." நம்மகூட கிணறு தீந்துபோச்சுன்னு சொல்ல மாட்டோமே, வத்திப்போச்சுன்னுதான் சொல்லுவோம். மாடில இருக்கிற சின்டெக்ஸ் தீரும், போர் வத்தும். ரெண்டு பாஷையும் இங்க ஒரே மாதிரி யோசிக்குது.

வறண்ட_போர் · பிற்பகல் 4:06

வத்தினது வத்தினதுதான், எந்த பாஷைல சொன்னா என்ன. ஒகேனக்கல் தண்ணி குடிக்க வருது, அதுக்குக் கும்புடு. தென்னைக்கு யாரு ஊத்துவா.

ஆஃப்_ஸ்பின் · மாலை 4:30

எனக்கு ஒண்ணு தோணுச்சு. "தி கோட் ரேன் அவுட் ஆஃப் தி ஷெட்"னா ஆடு ஷெட் தீந்துபோய் உக்காந்திருக்குதா?

பழைய_சாக்பீஸ் · மாலை 5:02

ஹா! இல்லை, அங்கே ஆடு உண்மையிலேயே நாலு காலில் ஓடுகிறது. பட்டியிலிருந்து வெளியே ஓடிவிட்டது. "தி கோட் ரேன் அவுட் ஆஃப் ஃபாடர்" என்றால் ஆட்டுக்குத் தீனி தீர்ந்தது. உருவம் ஒன்றுதான், ‘ஆஃப்’புக்குப் பின்னால் வருவது இடமா, செலவாகும் பொருளா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தம்பி, நீ கிரிக்கெட்டை விட்டுவிட்டு இலக்கணத்துக்கு வந்துவிடலாம்.

ஆஃப்_ஸ்பின் · மாலை 5:04

ரெண்டையும் வெச்சுக்கறேன் சார்.

கூழ்_டிஸ்பாட்ச் · மாலை 6:48

இன்னிக்கு டியூட்டில ஒரு வேலை பண்ணேன். எங்க ஸ்டாக் சீட்ல ‘ரிமார்க்ஸ்’ கட்டத்துல எல்லா ஐட்டத்துக்கும் எல்லாரும் "ரன்னிங் அவுட்"னே போட்டு வெச்சிருந்தாங்க. நானே குடோனுக்குப் போய் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன். அசெப்டிக் பேக், அதான் கூழ் ஊத்தற கிருமியில்லாத பை, அந்த அட்டைப்பெட்டில அடியில நாலு பேக் மடிஞ்சு கெடந்துச்சு. அது "ரன்னிங் லோ". லேபிள் ரோல் தீந்து நடுவுல இருக்கிற அட்டைக் குழாய் மட்டும் மாட்டியிருந்துச்சு. அது "ரன் அவுட்". டிரம் மூடி கிளாம்ப் நூத்துக்கணக்குல இருக்கு, அதுக்கும் எவனோ "ரன்னிங் அவுட்" போட்டிருக்கான், பழக்கதோஷம்.

பையருக்கு இப்படி ஒரு மெயில் அடிச்சிருக்கேன், அனுப்பறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்லுங்க:

"வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் தோத்தாபுரி பல்ப் ஃபார் திஸ் சீசன். தேர் ஈஸ் நோ பேலன்ஸ் ஸ்டாக். வீ கேன் புக் டூ கண்டெய்னர்ஸ் ஃப்ரம் தி நெக்ஸ்ட் கிராப்."

பழைய_சாக்பீஸ் · இரவு 7:10

ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். நடு வரி இலக்கணத்துக்குத் தேவையில்லை, உன் பையருக்குத் தேவை. அனுப்பிவிடு.

மூணாம்பந்தி · இரவு 7:25

தங்கச்சி, மேனேஜர்கிட்ட அந்த ‘கு’ விஷயத்தையும் சொல்லிடு. "அது அப்படித்தான்"னு இனிமே யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு.

கூழ்_டிஸ்பாட்ச் · இரவு 7:31

சொன்னேன்க்கா. "எனக்கு அப்பவே தெரியும்"னாரு.

பத்துசக்கரம் · இரவு 9:50

வண்டிய இப்பதான் ஓரங்கட்டினேன். தொப்பூர் எறக்கம் வர்றதுக்கு முன்னாடி டீ குடிக்கறேன். எல்லாத்தையும் படிச்சேன். என் வண்டி பிஎஸ்6, அதான் புது புகை விதிப்படி வந்த வண்டி. டீசல் டேங்க் போக, புகையைச் சுத்தம் பண்ற ஆட்ப்ளூன்னு ஒரு திரவத்துக்கு இன்னொரு டேங்கு. அது தீந்தா இன்ஜின் ஓடும், ஆனா இழுக்காது, ஏத்தத்துல எறும்பு மாதிரி ஊறும். "லாரி ரன்னிங், ஆட்ப்ளூ ரேன் அவுட்." இப்பத்தான் ரெண்டு ரன்னும் தனித்தனியாத் தெரியுது.

ஓனர் மும்பைல இருக்காரு, அவருக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போடணும். எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதின்னு குடுக்கற சர்டிஃபிகேட்), இன்சூரன்ஸ் இதெல்லாம் முடியறதுக்கும் இந்த வார்த்தைய போடலாமா?

ஒசூர்_மும்மொழி · இரவு 10:02

போடலாம்ணா. நாள் கணக்கு ஓடி முடியுதுன்னு அர்த்தம். அங்க எஃப்சிதான் எழுவாய்.

பத்துசக்கரம் · இரவு 10:09

"சார், லாரி எஃப்சி ரன்ஸ் அவுட் ஆஃப் டென்த். ப்ளீஸ் அரேஞ்ச்."

பழைய_சாக்பீஸ் · இரவு 10:11

‘ஆஃப்’ இல்லை தம்பி. ஆன். "ரன்ஸ் அவுட் ஆன் தி டென்த்." எஃப்சிக்குப் பத்தாம் தேதி தீர்ந்துபோகவில்லை, பத்தாம் தேதியில் எஃப்சி தீர்கிறது.

பத்துசக்கரம் · இரவு 10:12

ஆன். சரிங்க சார். அனுப்பிட்டேன்.